வினவியோர்க்கு விடையிறுத்த புனைவுலகப் படைப்பாளர் டோல்கீன்

படைப்பாளன் ஒருவன் தன் நூலை எழுதி முடித்து உலகிற்கு அளித்த பின்னர் அவனுடைய கடமை முடிந்துவிடுகிறதா? நூலைக் கற்றோர் ஐயம் எழுப்பி மடல் வரையும்போது அவர்களுக்கு விடை கூற அவன் கடமைப்பட்டவனா? அந்நூலில் வரும் நாடும் மாந்தரும் எங்கும் இல்லாத வெறும் கற்பனையாக இருக்குமாயின் அவ்விடைக்கு என்ன மதிப்பு? இவ்வினாக்களை நாம் எழுப்பிப் பார்க்கும்போது முதலில் நினைவிற்கு வருபவர் ஆங்கிலப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஆவார்.

இல்லாத ஓர் உலகை அமைத்து, அதற்கு மலையும் ஆறும் மொழியும் எழுத்தும் நாட்காட்டியும் வகுத்து, அவ்வுலகைப் பற்றி முன்பின் அறியாத வாசகர்கள் கேட்ட வினாக்களுக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் மடல் வழியே விடை எழுதியவர் அவர். 2001 முதல் 2003 வரை வெளிவந்த மூன்று திரைப்படங்களின் வாயிலாக அவர்தம் கதை நம் மாணவர்களுக்கும் அறிமுகமாகியுள்ளது. கதையை அறிந்த அளவிற்குக் கதாசிரியரை நம்மவர் அறிந்திலர். அவர் எழுதிய விடைகள் அவருக்குப் பெருமை சேர்த்தன. அவற்றிற்காக அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. இவ்விரண்டையும் சேர்த்துக் காண்பதே நம் நோக்கம்.

இளமை

தென்னாப்பிரிக்காவில் அந்நாளில் ஆரஞ்சு சுதந்திர நாடு என வழங்கிய பகுதியின் தலைநகரான புளூம்ஃபோன்டெய்னில், 1892 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3 ஆம் நாள் டோல்கீன் பிறந்தார். தந்தையார் ஆர்தர் அங்கு வங்கி மேலாளராகப் பணியாற்றினார். வெப்பம் மிகுந்த அந்நாடு தாயார் மேபலுக்கு ஒத்துவரவில்லை. 1895 இல் அவர் தம் இரு ஆண்மக்களுடன் இங்கிலாந்து வந்தார். பின்தொடர்ந்து வரவேண்டிய தந்தையார் 1896 பிப்ரவரியில் காய்ச்சலால் அங்கேயே காலமானார். தந்தையைப் பற்றிய நினைவு பெரும்பாலும் இன்றியே டோல்கீன் வளர்ந்தார் எனலாம்.

பர்மிங்காம் நகரை அடுத்த சேர்ஹோல் எனும் சிற்றூரில், ஓர் ஆலையும் ஓடையும் வயலும் சூழ்ந்த சூழலில் அவருடைய பிள்ளைப் பருவம் சில ஆண்டுகள் கழிந்தது. பிற்காலத்தில் அவர் படைத்த ஹாபிட்டுகள் எனும் குள்ள இனத்தாரின் ஊருக்கு இவ்வூரே கருவாயிற்று. இலத்தீன் மொழியையும் ஓவியத்தையும் தாயாரே கற்பித்தார். அவ்வம்மையார் 1900 இல் கத்தோலிக்க நெறியைத் தழுவியதால் உறவினர் பலரின் பொருளுதவியை இழந்து இன்னலுற்றார். 1904 இல் நீரிழிவு நோய் அவரைக் கொண்டுபோயிற்று. இன்சுலின் கண்டறியப்படாத காலம் அது. பன்னிரண்டு அகவையில் தாயையும் இழந்த சிறுவரையும் அவர்தம் இளவலையும் பிரான்சிஸ் மார்கன் எனும் பாதிரியார் பாதுகாவலராக நின்று பேணினார்.

தங்கியிருந்த விடுதியில் தம்மைப் போலவே பெற்றோரற்ற எடித் பிராட் எனும் நங்கையை டோல்கீன் கண்டு காதலுற்றார். அவருக்கு அகவை பதினாறு, நங்கைக்குப் பத்தொன்பது. படிப்பு கெடும் என அஞ்சிய பாதிரியார், இருபத்தோராம் அகவை நிறையும் வரை அப்பெண்ணுக்கு மடலும் எழுதலாகாது எனத் தடை விதித்தார். டோல்கீன் அத்தடையை ஏற்றார். 1913 சனவரி 3 ஆம் நாள் பிறந்த அந்நொடியிலேயே அமர்ந்து அவர் எடித்துக்கு மடல் எழுதினார். பின்னாளில் அவருடைய வாழ்வின் பெரும்பகுதியை விழுங்கப்போகும் மடல்களுள் இதனையே நாம் முதன்மையானதாகக் கொள்ளத் தோன்றுகிறது. 1916 மார்ச்சு 22 இல் அவர்கள் மணந்துகொண்டனர்.

அடுத்த சில திங்களில் அவர் பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில் செய்தித் தொடர்பு அலுவலராக நின்றார். பள்ளிப்பருவத்தில் அவரோடு சேர்ந்து இலக்கியக் குழு அமைத்த நெருங்கிய நண்பர் மூவருள் இருவர் அவ்வாண்டிலேயே மாண்டனர். ராபர்ட் கில்சன் சூலை முதல் நாளும், ஜெஃப்ரி ஸ்மித் டிசம்பரிலும் உயிரிழந்தனர். தாம் சொல்ல நினைத்து இயலாமற் போனவற்றை நீ சொல்ல வேண்டும் எனும் பொருள்பட ஸ்மித் தம் மறைவிற்குமுன் டோல்கீனுக்கு எழுதியிருந்தார். பதுங்குகுழிக் காய்ச்சலால் நலிந்து நவம்பரில் நாடு திரும்பிய டோல்கீன், மருத்துவமனைப் படுக்கையில்தான் தம் புனைவுலகின் முதற் கதைகளை எழுதத் தொடங்கினார்.

மொழியிலிருந்து பிறந்த உலகம்

மொழியாசிரியர்களாகிய நமக்கு டோல்கீனிடம் தனிப்பற்று உண்டாவதற்குக் காரணம் ஒன்று உண்டு. பிற புனைகதையாளர் கதையை முதலில் எண்ணி, அதற்கு அழகூட்டப் பெயர்களைத் தேடுவர். இவரோ முதலில் மொழியை ஆக்கினார். அம்மொழியைப் பேசுவதற்கு மக்கள் வேண்டுமே என்று மக்களை ஆக்கினார். அம்மக்களுக்கு வரலாறு வேண்டுமே என்று கதையை ஆக்கினார். சிறுவயதிலேயே உறவுப் பிள்ளைகளுடன் சேர்ந்து விளையாட்டு மொழிகளைச் சமைத்தவர் அவர். ஆக்ஸ்போர்டு எக்சிட்டர் கல்லூரியில் பயிலும்போது அங்குக் கிடைத்த ஃபின்னிய இலக்கணம் ஒன்று அவரை மயக்கியது. அம்மயக்கத்தில் பிறந்ததே குவென்யா எனும் அவருடைய செம்மொழி. வேல்சு மொழியின் ஓசையைத் தழுவி அமைந்தது சிந்தாரின் எனும் மற்றொரு மொழி. இவ்விரண்டிற்கும் ஒரு பொதுத்தாய்மொழியை வகுத்து, ஒலிகள் காலப்போக்கில் எவ்வாறு திரிந்தன என்பதற்கும் அவர் விதி கண்டார்.

போர் முடிந்தபின் 1919 இல் ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதிப் பணியில் சேர்ந்து டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சொற்களை ஆராய்ந்தார். 1920 இல் லீட்சு பல்கலைக்கழகத்திலும், 1925 முதல் ஆக்ஸ்போர்டிலும் பணியாற்றினார். பழைய ஆங்கிலத்திற்குரிய பேராசிரியர் இருக்கையில் இருபதாண்டுகளும், 1945 முதல் 1959 இல் ஓய்வு பெறும் வரை ஆங்கில மொழி இலக்கியத்திற்குரிய மற்றோர் இருக்கையிலும் அமர்ந்திருந்தார். பியோவுல்ஃப் எனும் பழங்காப்பியத்தைப் பற்றி 1936 இல் அவர் ஆற்றிய உரை, அதனை வரலாற்றுச் சான்றாக மட்டும் துருவிவந்த அறிஞர்களை அது ஒரு கவிதை என்று காணச் செய்தது.

நான்கு மக்களைப் பெற்ற அவருக்குப் பேராசிரியர் ஊதியம் போதவில்லை. கோடை விடுமுறைதோறும் பள்ளி இறுதித் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தி வருவாய் ஈட்டினார். விடைத்தாள் திருத்தும் அலுப்பை நாம் அறிவோம். அவ்வாறு திருத்திக்கொண்டிருந்த ஒருநாள் மாணவர் ஒருவர் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்த வெற்றுத்தாள் கண்ணில் பட்டது. அதில், தரைக்கடியில் பொந்தொன்றில் ஒரு ஹாபிட் வாழ்ந்தது எனும் பொருளில் ஒரு வரியை அவர் எழுதினார். ஹாபிட் என்றால் என்ன என்று அவருக்கே அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே கதையாக வளர்ந்தது. இச்செய்தியைக் கவிஞர் ஆடன் 1955 இல் கேட்டபோது மடல் வழியே அவர் கூறினார். தம் கற்பனையிடமே வினா எழுப்பி விடை தேடுவது அவருடைய இயல்பு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அக்கதையின் தட்டச்சுப்படியைப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் தம் பத்து வயது மகன் ரேனரிடம் படிக்கக் கொடுத்தார். ஒரு ஷில்லிங் கூலி பெற்றுக்கொண்டு, சிறுவர் விரும்புவர் என்று அவன் மதிப்புரை எழுதித் தந்தான். 1937 செப்டம்பர் 21 இல் தி ஹாபிட் வெளிவந்தது. வினாக்களும் தொடங்கின. 1938 தொடக்கத்தில் அப்சர்வர் எனும் ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர், ஹாபிட்டுகள் எங்கிருந்து வந்தன, அப்பெரும் பறவைநாகத்தின் குகையிலிருந்து கிண்ணம் திருடும் நிகழ்ச்சி பியோவுல்ஃபிலிருந்து எடுக்கப்பட்டதா என்று வினவினார். டோல்கீனின் விடை பிப்ரவரி 20 ஆம் நாள் அவ்விதழில் அச்சாயிற்று. பியோவுல்ஃப் தாம் மதிக்கும் மூலங்களுள் ஒன்று என ஏற்ற அவர், எழுதும்போது அது தம் நினைவில் நிற்கவில்லை எனவும் கூறினார்.

அதே ஆண்டில் வேறு வகையான வினா ஒன்று வந்தது. நூலைச் செருமானியத்தில் பெயர்க்க விரும்பிய பாட்ஸ்டாம் நகரப் பதிப்பகம், ஆசிரியர் ஆரிய மரபினரா என்று வினவியது. ஹிட்லரின் ஆட்சி நடந்த காலம். டோல்கீன் சினந்தார். ஆரியர் என்பது இந்திய ஈரானிய மொழி பேசுவோரைக் குறிக்கும் சொல் என்பதையும், தம் முன்னோருள் எவரும் இந்துஸ்தானியோ பாரசீகமோ பேசியதில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். யூதரா என்று கேட்பதே நோக்கமாயின், அத்திறன் மிக்க இனத்தில் தமக்கு முன்னோர் எவரும் இல்லாமைக்கு வருந்துவதாகவும் எழுதினார். இருவகையாக எழுதிய விடைகளைத் தம் பதிப்பாளரிடம் கொடுத்து, ஏற்றதை அனுப்புமாறு விட்டார். அந்நூல் செருமானியத்தில் வெளிவர 1957 ஆயிற்று. சொல்லின் பொருளை அறிந்தவன் முன் அச்சொல்லைத் திரித்து வழங்குவது எத்துணை அரிது என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

பசுமை நிறக் கதிரவன்

1939 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி டோல்கீன் ஓர் உரை நிகழ்த்தினார். அவருடைய புனைவுக் கொள்கை முழுவதும் அவ்வுரையில் அடங்கியுள்ளது. கதிரவன் பச்சை நிறம் என்று எவரும் சொல்லிவிடலாம். அப்பச்சைக் கதிரவன் இயல்பாகத் தோன்றும் உலகம் ஒன்றை அமைப்பதே அரிய கலை. அவ்வுலகிற்குள் புகும் வாசகன் அங்குள்ள விதிகளுக்கு ஏற்ப அனைத்தும் உண்மை என்று நம்புதல் வேண்டும். விதி ஓரிடத்தில் பிழைத்தால் நம்பிக்கை உடனே அறுந்துபோம். இதுவே அவருடைய கருத்தின் பிழிவு. மனிதன் இறைவனால் படைக்கப்பட்டவனாதலின் தானும் அவ்வழியில் சிறு படைப்புகளை ஆக்குகிறான் என்று கருதி, இச்செயலைத் துணைப்படைப்பு எனும் பொருள்படும் சொல்லால் அவர் குறித்தார்.

இக்கொள்கையை அவர் எத்துணை உறுதியாகக் கடைப்பிடித்தார் என்பதற்குத் தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ் எனும் அவருடைய பெருநூலே சான்று. 1937 டிசம்பரில் தொடங்கிய அந்நூல் 1949 இல்தான் நிறைவெய்தியது. நிலப்படத்தை முன்னே வைத்துக்கொண்டு, நடைப்பயணிகள் ஒரு நாளில் கடக்கும் தொலைவைக் கணக்கிட்டே கதையை நடத்தினார். வெவ்வேறு இடங்களில் ஒரே இரவில் நிற்கும் மாந்தர் காணும் நிலவு ஒரே பிறையளவில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதியவற்றைத் திருத்தினார். போர்ப்பணியின் பொருட்டுத் தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்கு 1944 இல் அத்தியாயங்களை ஒவ்வொன்றாக அஞ்சலில் அனுப்பி அவர் கருத்தை அறிந்தார். தட்டச்சருக்குக் கொடுக்கப் பணம் இன்மையால் பெரும்பகுதியைத் தாமே தட்டச்சு செய்தார்.

முன்னைய நூலில் மோதிரத்தைக் கோல்லம் எனும் இழிந்த உயிர் பில்போவிற்குப் பரிசாகத் தர உடன்பட்டதாக எழுதியிருந்தார். புதிய நூலில் அம்மோதிரம் தன்னை அணிந்தோரை அடிமைகொள்ளும் தீயபொருளாக மாறிவிட்டமையால் அது பொருந்தவில்லை. ஆகவே 1951 பதிப்பில் அப்பகுதியை மாற்றினார். பழைய பதிப்பைப் படித்தோர் கேட்பாரன்றோ? அதற்கும் விடை வைத்தார். முதலில் வெளியான செய்தி, மோதிரத்தின் தீய ஆற்றலால் பில்போ கூறிய பொய்யாம்! தம் பிழையையும் கதையின் வரலாற்றுக்குள் அடக்கிவிட்ட இத்திறத்தை என்னென்பது!

இந்நூலை வெளியிட்டால் ஆயிரம் பவுன் இழப்பு நேரலாம் என்று முன்னர் ஷில்லிங் பெற்ற ரேனர், இப்போது பதிப்பகத்தில் பணியாற்றும் இளைஞராகத் தந்தைக்குத் தெரிவித்தார். மேதையின் படைப்பு என நம்பினால் இழப்பை ஏற்கலாம் எனத் தந்தை இசைந்தார். முன்பணம் இல்லை, செலவு போக மிஞ்சும் இலாபத்தில் ஆசிரியருக்குச் சரிபாதி என்பது ஒப்பந்தம். 1954 சூலையிலும் நவம்பரிலும் முதலிரு பகுதிகள் வெளிவந்தன. கதைத்தலைவன் ஃப்ரோடோ பகைவர் கையில் சிக்கிய நிலையில் இரண்டாம் பகுதி முடிய, பின்னிணைப்புகளை ஆசிரியர் எழுதி முடிக்காமையால் மூன்றாம் பகுதி 1955 அக்டோபர் வரை தாழ்த்தது. ஓராண்டு காத்திருந்த வாசகர்களின் பொறுமையின்மை மடல்களாய்ப் பொழிந்தது.

மடல்களும் விடைகளும்

அம்மடல்களில் வந்த வினாக்களைக் காணுந்தோறும் நமக்கு வியப்பே மிகுகிறது. எல்ஃப் இனத்தார் கடிவாளமின்றிக் குதிரை செலுத்துவர் என்று ஓரிடத்தில் கூறிவிட்டு, மற்றோரிடத்தில் அவ்வினத் தலைவன் ஒருவனின் குதிரைக்குக் கடிவாளம் எவ்வாறு வந்தது என்று 1958 இல் ஒருவர் கேட்டார். டோல்கீன் அதனைத் தம் பிழை என ஒப்பி, மறுபதிப்பில் வாயிரும்பற்ற தலைவார் என மாற்றினார். அதே மடலில், ஐந்து மாயவர்களுள் கதையில் வாராத இருவரின் நிறம் யாது என்ற வினாவும் இருந்தது. தமக்குத் தெரியாது என்பதே விடை. கீழைத்திசைக்கும் தென்றிசைக்கும் தூதராய்ச் சென்றிருக்கலாம், தம் பணியில் தவறியிருக்கலாம் என்ற ஐயத்தை மட்டும் சேர்த்தார்.

தாமே படைத்த உலகில் தமக்குத் தெரியாதது உண்டு என்று ஓர் ஆசிரியர் கூறுவதை நாம் எளிதாக ஏற்கமாட்டோம். அவரோ அதனைப் பலமுறை கூறினார். பெருத்தியல் எனும் அரசியின் பூனைகளைப் பற்றிக் கதையில் ஒரு குறிப்பு வருகிறது. அவ்வரசி யார் என்பது தமக்கே தெரியாது என 1955 இல் ஆடனுக்கு எழுதினார். பின்னர் அவளுக்கும் ஒரு வரலாற்றைக் கண்டார். டாம் பாம்படில் எனும் விந்தை மனிதர் யார் என்று புதின ஆசிரியர் நவோமி மிட்சிசன் உள்ளிட்டோர் கேட்டனர். விளக்கப்படாத சில செய்திகள் ஒவ்வோர் உலகிலும் இருத்தல் வேண்டும். ஆகவே வேண்டுமென்றே அவரைப் புதிராக விட்டதாக டோல்கீன் தெரிவித்தார். தெரியாதது வேறு, சொல்லாது விட்டது வேறு என்ற வேறுபாட்டை அவர் மறைக்கவில்லை.

அம்மோதிரம் அணுகுண்டைக் குறிக்கிறதா, தீயோன் எந்த நாட்டுத் தலைவன் என்பன போன்ற வினாக்கள் அவருக்குச் சலிப்பூட்டின. ஒன்றை வைத்து மற்றொன்றைக் கூறும் உருவகக் கதை தமக்கு உவப்பில்லை என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதினார். வாசகன் தன் வாழ்வோடு கதையைப் பொருத்திப் பார்ப்பது அவனுடைய உரிமை. அப்பொருளை ஆசிரியன் திணிப்பது ஆதிக்கம் என்பது அவர் துணிபு. உருவகம் காணும் ஆர்வத்தில் நூலையே மறந்துவிடும் திறனாய்வாளர்கள் நம்மிடையேயும் உளர் என்பதை மட்டும் சொல்லி அமைவோம்.

வேடிக்கையும் இல்லாமல் இல்லை. கதைமாந்தர் ஒருவரின் முழுப்பெயரும் தம் பெயராக இருப்பதாக 1956 இல் இலண்டனிலிருந்து ஒருவர் எழுதினார். மகிழ்ந்த டோல்கீன் நூலின் மூன்று பகுதிகளையும் கையொப்பமிட்டு அவருக்கு அனுப்பினார். இனிக் கோல்லம் என்று கையொப்பமிட்ட மடல் எதுவும் வாராதிருக்க வேண்டுமே என்று தம் நாட்குறிப்பில் அஞ்சிக்கொண்டார்.

இவையெல்லாம் சிறு வினாக்கள். உயிர்நிலையைத் தொட்ட வினா ஒன்று உண்டு. தீமோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்கச் சென்ற ஃப்ரோடோ, எண்ணற்ற துன்பங்களைக் கடந்து மலையின் விளிம்பை அடைந்த பின்னர், இறுதி நொடியில் அதனை எறிய மறுத்துத் தனதென்று அணிந்துகொள்கிறான். அவன் முன்பு இரக்கத்தால் கொல்லாது விட்ட கோல்லம் பாய்ந்து, விரலோடு மோதிரத்தைக் கடித்துப் பறித்து, நெருப்பில் வீழ்ந்து மடிய, உலகம் பிழைக்கிறது. இத்தகையவனைத் துரோகி எனத் தூக்கிலிடாமல் போற்றலாமா என்று கடுஞ்சினத்துடன் ஒருவர் எழுதினார். ஃப்ரோடோ தோற்றான் என்பதை டோல்கீன் மறுக்கவில்லை. 1956 இலும் 1963 இலும் அவர் எழுதிய நீண்ட மடல்களில் இதற்கு விளக்கம் தந்தார். பாறை விழுந்து உடல் நசுங்குபவனை நாம் கோழை என்பதில்லை. ஆற்றலின் எல்லைக்கப்பால் அழுத்தப்பட்ட மனமும் அத்தகையதே. சிறையில் வதைக்கப்பட்டு மனம் திரிந்து திரும்பியோரைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களையும் இங்கு அவர் நினைவுகூர்ந்தார். தன்னால் இயன்ற அனைத்தையும் செய்து, தன் முயற்சி முடிந்த இடத்தில் தான் முன்னர்க் காட்டிய இரக்கத்தாலேயே காக்கப்பட்டான் ஃப்ரோடோ என்பது அவர் முடிபு. சோம் களத்தில் நின்று நண்பரை இழந்தவர் எழுதிய விடை இது என்பதை மறந்து இதனைப் படிக்க நம்மால் இயலவில்லை. அறத்தின் தேர்வில் தோற்றவனை எவ்வாறு மதிப்பது என்ற வினாவிற்கு இத்துணைக் கனிவும் கண்டிப்பும் ஒருங்கே கலந்த விடையை நாம் கண்டதில்லை.

வாசகர்களின் உறவு அவருக்குக் கைம்மாறும் செய்தது. 1965 இல் ஏஸ் எனும் அமெரிக்க நிறுவனம், நூலுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை எனக் கூறி, இசைவு பெறாமலும் உரிமைத்தொகை தாராமலும் 75 சென்ட் விலையில் மலிவுப் பதிப்பை விற்றது. இசைவு பெற்ற பாலன்டைன் பதிப்பின் விலை 95 சென்ட். அமெரிக்க வாசகர்க்கு எழுதிய விடைகளிலெல்லாம் டோல்கீன் இச்செய்தியைச் சேர்த்தார். அதனைப் பெற்றவர்கள் பிறர்க்கு உரைக்க, விலை குறைந்த நூலை ஒதுக்கிவிட்டுக் கூடிய விலைக்கு வாங்கலாயினர். 1966 இல் அந்நிறுவனம் பணிந்து உரிமைத்தொகை தரவும் மறுஅச்சைக் கைவிடவும் உடன்பட்டது. நீதிமன்றம் செல்லாமல் மடல்களால் வென்ற வழக்கு இது.

அவர் கொடுத்த விலை

புகழ் பெருகப் பெருக மடல்கள் மூட்டை மூட்டையாக வந்தன. எல்ஃபிய எழுத்திலேயே எழுதினோரும் உளர். அமெரிக்க வாசகர் சங்கத் தலைவருக்குக் குவென்யா மொழிப் பெயர்ச்சொற்களின் வேற்றுமை அட்டவணையையே அவர் வரைந்து அனுப்பினார். தொலைவுநாட்டு அன்பர் சிலர் கால வேறுபாட்டை எண்ணாது இரவு மூன்று மணிக்குத் தொலைபேசியில் அழைத்தனர். பதிப்பகம் மடல்களைக் கவனிக்க உதவியாளரை அமர்த்தியது. 1968 இல் முகவரியை மறைத்துக்கொண்டு கடற்கரை நகரான போர்ன்மவுத்துக்கு அண்மையில் குடிபெயர வேண்டியதாயிற்று.

இக்காலமெல்லாம் மேசைமேல் ஒரு நூல் முடியாமலேயே கிடந்தது. மருத்துவமனைப் படுக்கையில் தொடங்கிய பழங்கதைகளின் தொகுப்பான சில்மரில்லியன் அது. வாசகர் கேட்ட பெரும்பாலான வினாக்களுக்குரிய விடை அதனுள் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வினாவும் அவரை அந்நூலின் அடித்தளத்திற்கே திருப்பியது. தீமைக்குப் படைக்கும் ஆற்றல் இல்லையாயின் ஓர்க் எனும் கொடிய இனத்தார் எவ்வாறு தோன்றினர்? அவர்களுக்கு உய்வு உண்டா? ஆக்ஸ்போர்டு நூற்கடை ஒன்றின் மேலாளர் 1954 இல் எழுப்பிய இத்தகைய வினாக்களுக்கு மிக நீண்ட விடையை எழுதிய டோல்கீன், தம்மைத் தாமே பெரிதாக மதித்துக்கொள்வது போல் உள்ளது என்று குறித்துவைத்துவிட்டு அதனை அனுப்பவில்லை. பிறந்தநாள் பரிசில் பற்றிய ஒரு வரி வினாவிற்கு ஹாபிட்டுகளின் குடும்ப முறை முழுவதையும் ஆராயும் வரைவை எழுதினார். அனுப்பப்படாத வரைவுகள் இவ்வாறு சேர்ந்தன.

இலை ஒன்றை நுணுக்கமாகத் தீட்டித் தீட்டி மரத்தை முடிக்க இயலாமற் போன ஓவியனைப் பற்றி அவர் எழுதிய சிறுகதை 1945 இல் வெளிவந்தது. அவ்வோவியனை அண்டை வீட்டார் அவ்வப்போது உதவிக்கு அழைப்பர். முணுமுணுத்துக்கொண்டே அவன் செல்வான். அக்கதையை எழுதியபோது பின்னாளைய மடல் மூட்டைகளை அவர் அறிந்திருக்க இயலாது. ஆயினும் அண்டை வீட்டாரின் குரலுக்குச் செவிசாய்த்ததை அக்கதை குற்றமாகக் கருதவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. விடை எழுதுவதை நிறுத்தியிருந்தால் நூலை முடித்திருப்பாரே என்று கூறுவோர் உளர். நாம் அக்கருத்தை முழுதும் ஏற்கவில்லை. வினாக்கள் வந்திராவிடினும் அவரே தம்மை வினவிக்கொண்டு திருத்திக்கொண்டிருப்பார். அது அவர் இயல்பு.

1971 நவம்பரில் எடித் மறைந்தார். டோல்கீன் ஆக்ஸ்போர்டு திரும்பி, மெர்ட்டன் கல்லூரி அளித்த இல்லத்தில் வாழ்ந்தார். 1972 இல் அரசின் விருதும், தம் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1973 செப்டம்பர் 2 ஆம் நாள், எண்பத்தோராம் அகவையில் போர்ன்மவுத்தில் காலமானார். ஒரே கல்லறைக் கல்லில் மனைவியின் பெயருக்குக் கீழ் லூதியன் எனவும், அவர் பெயருக்குக் கீழ் பெரன் எனவும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் படைத்த பழங்கதையின் காதலர் பெயர்கள் அவை.

மகன் கிறிஸ்டோபர் தந்தையின் கையெழுத்துக் குவியலை ஒழுங்கு செய்து 1977 இல் சில்மரில்லியனை வெளியிட்டார். 1981 இல் ஹம்ஃப்ரி கார்பென்டர் தொகுத்த மடல்கள் நூலாயின. விரிவான பதிப்பு 2023 இல் வந்தது. அனுப்பப்படாத விடைகளும் அந்நூலில் இடம்பெற்றமையால், கேட்டவர்க்குக் கிட்டாத விடைகள் கேளாத நமக்குக் கிட்டின. 1983 முதல் 1996 வரை கிறிஸ்டோபர் பன்னிரண்டு தொகுதிகளில் எஞ்சிய வரைவுகளைப் பதிப்பித்தார். 1993 இல் வந்த பத்தாம் தொகுதியில் ஓர்க்குகளின் தோற்றம் பற்றிய குறிப்புகள் உள்ளன. எல்ஃப் இனத்தார் கெடுக்கப்பட்டு அவ்வாறாயினர் என்கிறது ஒன்று. மனிதர் என்கிறது மற்றொன்று. பேசப் பழக்கப்பட்ட விலங்குகள் என்கிறது வேறொன்று. எதனையும் அவர் அடிக்கவில்லை.